கறுப்புத் துணி கட்டிய பெட்டிகள்

வண்டி முழுதாக நிற்பதற்குள் ப்ரான்வின் குதித்து இறங்கி ஓடினாள். தோட்டத்தின் கடைசியில் கிழவர் மெர்வின் தேனீப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். எல்லாப் பெட்டியிலும் கறுப்புத் துணி கட்டியிருந்தது.

துணியை அவள் எதிர்பார்த்துத்தான் வந்தாள். கப்பலில் வந்திறங்கிய தேனீ உண்ணி இந்தப் பள்ளத்தாக்கு வரை பரவிவிட்டது. வரைபடத்தில் போட்ட சிவப்பு வட்டத்துக்குள் இருக்கும் அத்தனை பெட்டிகளையும், உண்ணி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அழித்துவிட வேண்டும் என்பது அரசாங்க உத்தரவு. அதை நிறைவேற்ற வந்த அதிகாரி ப்ரான்வின்.

வழிநெடுக வேலிக்கு வேலி எதிர்ப்பு அட்டைகள். 'இவங்களுக்கு உண்ணியே தேவலை' என்று ஒருவர் எழுதி, கீழே ப்ரான்வினின் பெயரையும் மறக்காமல் போட்டிருந்தார்.

ஆனால் தட்டுவது வேறு விஷயம். தேனீக்கள் மிரண்டு, ஒரே ஒரு கூட்டம் கிளம்பிக் காட்டுக்குள் போய்விட்டாலும் போதும். இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண்.

"மெர்வின், கையை எடுங்க. கலைச்சு விட்டா கேஸாயிடும்."

"கலைக்கல கண்ணு," என்றார் அவர் திரும்பாமல். "இப்பதான் எல்லாரும் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்காங்க. நானே போகச் சொல்வேனா?"

அது சரிதான். மேயப்போன தேனீக்கள் அடையட்டும் என்று காத்திருந்துதான் அவளும் பொழுது சாயும் நேரத்துக்கு வந்திருந்தாள். வாசல் ஓட்டையை அடைத்து, மூடியைத் தூக்கிப் பெட்ரோலை ஊற்றினால், கொஞ்ச நேரத்தில் உள்ளே இரைச்சல் அடங்கிவிடும்.

கூட வந்த ஜாரட், பெட்ரோல் டின்களை இறக்கியபடி வீட்டு வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா எங்க சார்? போன தடவை மாதிரி கோப்பை பறந்து வரும்னா சொல்லிடுங்க, ஹெல்மெட் போட்டுக்கறேன்."

போன மாதம் பரிசோதனைக்கு வந்தபோது நடந்தது அது. பெட்டிகளெல்லாம் மெர்வினின் மனைவி டோரீனுடையவை. மெர்வின் அவளுக்கு எடுபிடி மட்டும்தான். அந்த வெயிலிலும் தலையில் பூப்போட்ட துணியை இறுகக் கட்டிக்கொண்டு, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே டீக்கோப்பையை வீசினாள் டோரீன். நான் இருக்கிற வரைக்கும் ஒரு பெட்டியைத் தொட விடமாட்டேன் என்று கத்தினாள்.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்தப் பெட்டிகளில் ஓர் உண்ணிகூட இல்லை. தேனீக்களைச் சர்க்கரைத் தூளில் உருட்டிச் சலித்துப் பார்த்துச் சொன்னதே ப்ரான்வின்தான்.

"அவ இன்னிக்கு வரமாட்டா," என்றார் மெர்வின்.

ப்ரான்வினுக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. பக்கத்துப் பெட்டியில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள். ஏதோ ஒரு கவுனைக் கத்தரித்த துண்டு; ஓரத்தில் முத்துப் பொத்தான்கூட அப்படியே தொங்கியது. எதிர்ப்புக் காட்டுவதற்காகத் தன் நல்ல கவுனையே கிழித்துக் கொடுத்திருக்கிறாள் என்றால், அந்த அம்மாவுக்கு எவ்வளவு ஆத்திரம் இருக்க வேண்டும்.

"உங்க எதிர்ப்பு புரியுது மெர்வின். போட்டோ எடுக்கணும்னா எடுத்துக்குங்க. இருட்டறதுக்குள்ள நாங்க ஆரம்பிக்கணும்."

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். இந்தப் புழுக்கத்தில் கோட்டும் டையும் அணிந்திருந்தார். கையில் வீட்டுச் சாவி. இவ்வளவு நேரம் அந்தச் சாவியால்தான் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எல்லாப் பெட்டிக்கும் சொல்லியாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. இதுக்கும் சொல்லிட்டு விலகிக்கறேன், அப்புறம் உன் இஷ்டம்."

"தேனீகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் முதலில் தேனீக்களிடம்தான் சொல்ல வேண்டும், அது டோரீன் வீட்டு வழக்கம் என்றார் மெர்வின். மறந்துவிட்டால் கோபித்துக்கொண்டு கூண்டோடு கிளம்பிவிடுமாம். "கல்யாணமாகி வந்த அன்னிக்கே இதைத்தான் எனக்கு முதல்ல சொல்லிக் குடுத்தா. அப்புறம்தான் டீயே போட்டா."

சாகப் போகிறீர்கள் என்று அவற்றிடமே போய் எப்படிச் சொல்லுவார் இந்த மனிதர்? மூடியைத் தூக்கப் போன ஜாரட்டை ப்ரான்வின் கையைக் காட்டி நிறுத்தினாள். அவன் பெட்ரோல் டின்னைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தான்.

மெர்வின் புல்லில் மண்டியிட்டார். சாவியால் பெட்டியை மெல்லத் தட்டினார். வாசல் ஓட்டைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டோரீன் இன்னிக்கு விடிகாலையில ஆஸ்பத்திரியில போயிட்டா. உங்களையெல்லாம் அழிக்காம விட்டுட்டாங்கன்னு பொய் சொல்லித்தான் அவளை அனுப்பி வெச்சிருக்கேன்."

முத்துப் பொத்தான் தொங்கிய துண்டு ஒன்று இந்தப் பெட்டியிலும் இருந்தது. அதை ஒரு முறை தடவிக் கொடுத்தார்.

"அங்க போய் என்னைக் காட்டிக் குடுத்துடாதீங்க."