மேஸ்திரி நின்ற இடம்

முதல் கொட்டடியில் மரச்சீவல் குழிந்திருந்தது.

அவள் தள்ளுவண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, பெரிய வயிறு ஒன்று அழுந்திய பள்ளம்தான். செவலைக் குதிரையின் விலாவில் லத்திக் கறையும் சீவலும் ஒட்டியிருந்தன. அந்த அழுக்கைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

படுத்திருக்கிறது. பதின்மூன்று நாளுக்குப் பிறகு.

இரண்டாவதிலும் பள்ளம். மூன்றாவதிலும். நான்காவதில் கறுப்பன் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. சோம்பேறி மருமகனைப் போல நீட்டிப் படுத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தான்.

லாயம் துப்புரவு செய்கிறவளுக்குப் படுக்கைதான் செய்தித்தாள். குதிரை படுத்தால் பள்ளம் விழும். நின்றே பொழுதைக் கழித்தால் போட்டது போட்டபடி இருக்கும், குளம்பு அழுந்திய நான்கு குழிகளைத் தவிர.

வாசலோரத்து ஐந்தாவது கொட்டடியில் அப்படித்தான் எப்போதும் நான்கு குழிகள் இருக்கும். அங்கே இருந்தது கிழட்டுக் குதிரை. ஒரு வேலையும் செய்யாமல் நின்று மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருந்தாள். ஒன்று நின்று காவல் காத்தால்தான் மற்ற குதிரைகள் படுக்கும். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை, அவற்றின் வழக்கம் அது.

மேஸ்திரி செத்த அன்றிலிருந்து நான்கும் படுக்கவில்லை.

நின்றபடி கண்ணை மூடினால் குதிரைக்குத் தூக்கம் தீராது என்றார் டாக்டர். படுக்கையை மாற்றிப் பார்க்கச் சொன்னார்.

வைக்கோலை வாரிவிட்டு மரத்தூள் போட்டாள். தும்மின. கத்தரித்த காகிதம் போட்டாள். தின்றன. கடைசியில் தச்சுப்பட்டறையில் கெஞ்சிக் கூத்தாடி மரச்சீவல் மூட்டைகளை வாங்கி வந்தாள். அதற்குள் செவலை நின்ற நிலையிலேயே தூங்கிச் சரிந்து, முன்னங்கால் முட்டிகள் இரண்டும் பிய்ந்திருந்தன.

முதலாளி திங்கட்கிழமை வரை கெடு வைத்தார். அதற்குப் பிறகு நான்கும் கறிக்கு. நான்கையும் குட்டியிலிருந்து தேய்த்துக் குளிப்பாட்டியவள் அவள். கெடு வைத்த நாளிலிருந்து அவளுக்கும் பொட்டுத் தூக்கமில்லை.

நேற்றுதான் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள். எழுந்தபோது கெண்டைக்கால் இரண்டும் கல்லாய் இறுகியிருந்தன. மூட்டை சுமந்த வலி என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்துவிட்டாள்.

முதலாளி வந்தார். நான்கு பள்ளங்களையும் எட்டிப் பார்த்தார். மரச்சீவலைக் கையில் அள்ளி முகர்ந்து, தானே கண்டுபிடித்தவர்போலத் தலையாட்டினார். இனிமேல் இதையே போடு, விற்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு லத்தியை வாரினாள். மூன்றாவது கொட்டடியை வாரும்போதுதான் உறைத்தது. நான்கும் படுத்திருக்கின்றன என்றால், நின்றது யார்?

பாட்டு நின்றுவிட்டது.

மேஸ்திரியின் கொட்டடிக்குப் போனாள். வேண்டாத வைக்கோலையெல்லாம் அங்கேதான் பரப்பி வைத்திருந்தாள். போட்டது போட்டபடி இருந்தது. நடுவில் மட்டும் குழிகள்.

நான்கு இல்லை. இரண்டு.

குளம்பின் வட்டமும் இல்லை. நீளவாக்கில், பக்கத்தில் பக்கத்தில், வாசலைப் பார்த்தபடி இருந்தன.

செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை ஒன்றில் வைத்தாள். இடது காலை மற்றதில் வைத்தாள். அளவெடுத்தாற்போலப் பொருந்தின. கெண்டைக்கால் சுரீரென்றது.

இடுப்புயரச் சுவர்களுக்கு அப்பால் சீவல் சரசரத்தது. செவலை முன்னங்கால்களை மடித்தது. பட்டப்பகலில், ஒன்றன்பின் ஒன்றாக, மற்றவையும் படுத்தன. கறுப்பன் நீளமாகப் பெருமூச்சு விட்டான்.

லாயத்தை ஒட்டிய வீட்டு வாசலிலிருந்து கணவன் குரல் கொடுத்தான்.

"ராத்திரி பூரா அங்க நின்னது போதாதா? கூப்பிடக் கூப்பிடத் திரும்பிக்கூடப் பாக்கல. வா, டீ ஆறுது."

அவள் வலது காலைத் தூக்கினாள்.

செவலை விருட்டென்று தலையை நிமிர்த்தியது. காதுகள் விறைத்தன. பிய்ந்த முட்டியை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தது.

அவள் காலை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.