பராக் சொன்னால் நடக்கும் குதிரை

“மாமா, குதிரைக்கு என்ன வேணும்னு அதுகிட்டயே கேட்டீங்களா?”

கீரனூர் ரயில் நிலையத்துக்கு வெளியே, நகராத ஜட்கா வண்டிக்குள் உட்கார்ந்தபடி ஐந்து வயது அழகி கேட்டாள். பக்கத்தில் அவளுடைய அம்மா அடைக்கலமேரி டீச்சர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேக்காம இருப்பேனா பாப்பா? வாயத் தெறக்க மாட்டேங்குதே!” என்றான் வண்டிக்கார நாகராசு. கத்திக் கத்தி அவன் குரல் கம்மிப் போயிருந்தது.

“கொஞ்சம் கொள்ளு காட்டிப் பாரேன்யா” என்றாள் வாசலில் கடலை விற்கும் இன்னாசியம்மாள்.

நாகராசுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “கொள்ளா? இது அரண்மனை லாயத்துக் குதிரை ஆத்தா! சமஸ்தானம் கலைஞ்சப்போ வெளிய வந்ததுன்னு தரகரு சத்தியம் பண்ணிக் குடுத்தாரு. ராசாவச் சொமந்த முதுகு. கொள்ளுக்கா மயங்கும்?”

டீச்சர் மெதுவாகச் சொன்னாள். “இந்த வாரத்துல மூணு நாள் லேட்டு, நாகராசு. நாளையிலேருந்து காலாண்டு லீவு. லீவு முடிஞ்சு வர்ற அன்னிக்கும் இப்படித்தான்னா, நான் ராக்கன் வண்டிக்கு மாறிக்கிறேன். தப்பா நெனைக்காதீங்க.”

நாகராசு குதிரையைத் திரும்பிப் பார்த்தான். டீச்சரைத் தினமும் பள்ளிக்கூடத்தில் விடும் மாதச் சவாரி ஒன்றுதான் அவனுக்கு நிலையான வரும்படி. இந்தக் குதிரையை வாங்க மனைவி கண்ணாத்தாளின் காதுத் தோட்டையே விற்றிருந்தான்.

அடுத்த வண்டியிலிருந்து ராக்கன் கெக்கலி கொட்டினான். “ஏ மாப்ள, அரண்மனைக் குதிரைங்கிற, உழவு மாட்ட ஓட்டுற மாதிரி ‘ஹை, ஹை’ங்கிறியே! முன்னால கட்டியக்காரன் பராக் சொன்னாத்தான்டா அதுக்குக் காலு கெளம்பும்!”

வண்டிப்பேட்டையே சிரித்தது. நாகராசு மட்டும் சிரிக்கவில்லை. ‘அட, ஆமாம்ல!’ என்று யோசித்தான்.

அன்று மாலையே வீட்டில் ஆரம்பித்துவிட்டான்.

“கண்ணாத்தா, தண்ணி காட்டுறப்போ ரெண்டு தரம் பராக் சொல்லு.”

“கலியாணமாகிப் பன்னெண்டு வருசம். எனக்கு ஒரு நாளாச்சும் மரியாதையா ‘வாங்க’ன்னு சொல்லியிருக்கீங்களா? குதிரைக்குப் பராக்கா?”

“நீங்க சொல்லுங்க, கண்ணாத்தா அவர்களே!”

அவள் வாளியை ‘ணங்’கென்று வைத்துவிட்டு, “பராக்! போதுமா?” என்றாள்.

நாலாம் நாள் அதிசயம் நடந்தது. பராக் என்றதும் குதிரை காதை விடைத்து, கழுத்தை நீட்டி, உதட்டைக் குவித்தது.

“பாத்தியா! அரண்மனை நெனப்பு வந்துருச்சு!”

“வாயத்தானே நீட்டுது?”

“ராசாவுக்கு முத்தம் குடுத்த பழக்கமா இருக்கும்” என்றான் நாகராசு, கண் கலங்க.

லீவு முடிந்தது. டீச்சரும் அழகியும் வண்டியில் ஏறினார்கள். நாகராசு சிவப்புத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டான். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தொண்டையைத் திறந்தான்.

“ராசாதிராச! ராசகம்பீர! பராக்! பராக்!”

குதிரை நடந்தது. ஓடவே ஆரம்பித்தது. இன்னாசியம்மாள் கடலைக் கூடையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள்.

பாதி வழியில் நாகராசுவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. குரல் நின்றதும் குதிரையும் நின்றது.

“டீச்சர்... நீங்க கொஞ்சம்...” என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

“நானா?” டீச்சர் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, “பராக்” என்றாள்.

“இன்னும் சத்தமா டீச்சர்! கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்ல!”

“பராக்! பராக்!”

அழகிக்கு அதைவிட ஆனந்தம் வேறில்லை. அம்மாவும் மகளும் மாறி மாறிக் கூவ, வண்டி பறந்தது. பள்ளிக்கூட வாசலில் தலைமையாசிரியர் மரியசெல்வம் கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டே ஓடி வந்தார். பின்னால் பிள்ளைகள் வரிசையாக நின்று சலாம் வைத்தார்கள்.

“யாரு வர்றது? சமஸ்தானந்தான் போயி ஆறு மாசம் ஆச்சே!” என்று மூச்சு வாங்கினார்.

சேலைத் தலைப்பு கலைந்து, முகம் சிவந்து டீச்சர் இறங்கினாள். மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

“மாசச் சவாரி ஒங்களுக்குத்தான், நாகராசு” என்றாள். “ஆனா, தொண்டையப் பாத்துக்குங்க. தினமும் என்னால கத்த முடியாது.”

சாயங்காலம் பேட்டையில் ராக்கன், “வந்துட்டாருய்யா கட்டியக்காரரு!” என்று விசிலடித்தான். நாகராசு காதில் வாங்கவில்லை. சொந்தக் குதிரையை நம்பாதவன்தான் அடுத்தவன் கேலிக்கு அஞ்சுவான் என்று நிமிர்ந்து நடந்தான்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். வழக்கம்போல நாகராசு குளத்துக்குக் குளிக்கப் போயிருந்தான். அன்று பிள்ளையாருக்குத் தேங்காயும் கொண்டுபோயிருந்தான். கண்ணாத்தாள் உள்ளே சாணி கரைத்துக்கொண்டிருந்தாள்.

கொட்டகையின் பின்பக்கப் படல் ஓசையில்லாமல் திறந்தது. முந்தைய நாட்களைப் போலவே ராக்கன் உள்ளே நுழைந்தான். மடியிலிருந்து ஊறவைத்த கொள்ளை ஒரு கை அள்ளினான்.

“பராக்” என்று குதிரையின் காதில் கிசுகிசுத்தான். அது உதட்டைக் குவித்து நீட்டியது. ஒரு பராக்குக்கு ஒரு கை கொள்ளு.

“மெதுவாத் தின்னு. கட்டுமாவடியில நான் ஒன்னை மீன் வண்டியில பூட்டி ஓட்டினப்பவும் இதே அவசரந்தான். அரண்மனையாம், அரண்மனை! அவன்கிட்ட மட்டும் மூச்சு விட்டுராத.”

மடியை உதறிக்கொண்டு எழுந்தவன், குதிரையின் நெற்றியைத் தடவிக்கொடுத்தான்.

“போன வருசம் நான் காய்ச்சல்ல கெடந்த ஒரு மாசமும் எங்குதிரைக்குக் கொள்ளு வச்சிட்டுப் போனது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு அவன் நெனச்சிக்கிட்டிருக்கான். இது சாமிக்கும் ஒனக்கும் தெரிஞ்சாப் போதும்.”