அனுதினமும்

லாரிக்காரனின் தொண்டைக்குழியில் சவரக் கத்தி வந்து நின்றது. கன்னம் இரண்டும் மழித்துத் துடைத்தாயிற்று. கழுத்தில் மட்டும்தான் நுரை மிச்சம். கத்தியைப் பிடித்திருந்தவரின் ஒரே மகளைத்தான் அவன் குடிபோதையில் லாரி ஏற்றிக் கொன்றிருந்தான்.

அறை வாசலில் நின்ற புது விசுவாசிகள் நாலைந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பாஸ்டர் மட்டும் சிரித்தபடி கையமர்த்தினார்.

"பயப்படாதீங்க. நம்ம சலூன்காரர் தினமும் காலையில செய்யறதுதான் இது. தன்னை வெறுத்து, அனுதினமும் சிலுவை சுமக்கறதுன்னா என்னன்னு கேட்டீங்கல்ல? வாயால சொன்னா புரியாதுன்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

கத்தி மெல்ல மேலேறியது. ஒரு கீறல் இல்லை.

மகளை அடித்த லாரி அதே வேகத்தில் மரத்தில் மோதியதில் அவனுக்குக் கழுத்து முறிந்தது, தலையிலும் பலத்த அடி. கை கால் போயிற்று, பேச்சும் போயிற்று. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. கண்ணிமை மட்டும் அவன் சொன்னபடி கேட்டது. பெண்டாட்டி கொஞ்ச நாள் பார்த்தாள், பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். சபை நடத்தும் இந்த இல்லத்தில் நாதியற்றுக் கிடந்தவனைத் தேடிச் சலூன்காரர் வந்து நின்றபோது ஊரே வாயைப் பிளந்தது.

அன்றிலிருந்து ஒருநாள் தவறியதில்லை. மழிப்பார், பல் துலக்கிவிடுவார், முதுகில் புண் வராமல் புரட்டிப் போடுவார், குழாய் வழியாக ஆகாரம் கொடுப்பார். காலை நேர வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள், போகட்டும் என்றார். சிகரெட் நாற்றம் அவன் நெஞ்சுக்கு ஆகாது என்று தெரிந்ததும், பல வருடப் பழக்கத்தை அன்றைக்கே விட்டார்.

"அவன் மூஞ்சியில முழிச்சிட்டு வந்து என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மனைவி பிறந்த வீட்டுக்குப் போனாள். அதற்கும் அவர் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் குப்பையை நம் வாசல் பக்கம் தள்ளினாலே நமக்குப் பொறுப்பதில்லை. இந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும்.

டாக்டரம்மா உள்ளே வந்தார். லாரிக்காரனின் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சளி ரொம்பக் கட்டிடுச்சு. உடனே ஊசி ஆரம்பிச்சா பிழைச்சுக்குவார். இல்லேன்னா ரெண்டு மூணு நாள்கூடத் தாங்காது. எதுக்கும் அவரையே கேட்டுடறேன். அவர் வேண்டாம்னா நான் போட மாட்டேன்."

"கேளுங்க டாக்டரம்மா. அவரோட உயிரு, அவர்தானே சொல்லணும்" என்றார் சலூன்காரர், கத்தியைத் துடைத்துக்கொண்டே.

டாக்டரம்மா குனிந்தார். "ஊசி போடலாமா? சரின்னா ஒரு தடவை கண்ணை மூடித் திறங்க. வேண்டாம்னா ரெண்டு தடவை."

லாரிக்காரனின் இமை ஒரு தடவை இறுக மூடித் திறந்தது. அது மறுபடி அசைவதற்குள் சலூன்காரரின் ஈரத்துண்டு அவன் கண்மேல் வந்து விழுந்தது.

"அடடா, கண்ணுல நுரை பட்டுடுச்சு. எரியும், பாவம்." பதமாக, ரொம்ப நேரம் துடைத்தார். "ஒரு தடவை மூடினார். பாத்தீங்கல்ல?"

"பாத்தேன், பாத்தேன். உங்களை மாதிரி ஒருத்தர் பக்கத்துல இருந்தா யாருக்குத்தான் சாக மனசு வரும்?" என்று சொல்லி, டாக்டரம்மா நர்ஸைக் கூப்பிட்டார்.

ஊசி ஏறியது. லாரிக்காரனின் கண்ணில் நீர் பெருகிக் காதுக்குள் இறங்கியது. அதைப் பார்த்துப் புது விசுவாசிகளில் ஒரு பெண் விசும்பி அழுதாள்.

பாஸ்டர் கட்டிலருகே நின்று, அவனுக்கு நீண்ட ஆயுசு கேட்டு ஜெபித்தார். எல்லோரையும்விடச் சலூன்காரரின் ஆமென்தான் சத்தமாகக் கேட்டது.

ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே போனார்கள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தலையணையைச் சரிசெய்தார், போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். பிறகு லாரிக்காரனின் தலையைக் கோதியபடி காதோரம் குனிந்தார்.

"அவ்வளவு சீக்கிரம் உன்னைச் சாக விட்டுடுவேனாடா?"