செவ்வாய்க்கிழமை வேன்

"உன் வீட்டு வாசலுக்கே மளிகைச் சாமான் வந்து இறங்குதாமே! எங்ககிட்டல்லாம் ஒரு வார்த்தை சொல்லலியே?"

கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள் மேக்ஸீன்.

ரொவீனா கையிலிருந்த போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அவள் கணவன் டாரலின் அக்கா மேக்ஸீன். இவள் காதில் ஒரு சேதி விழுந்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் தேவாலயத்தில் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

"ஆமா அண்ணி. கடைக்குப் போக எங்க நேரம் இருக்கு? போன்ல தட்டிவிட்டா செவ்வாய்க்கிழமை வேன்ல கொண்டுவந்து கொடுத்துடறாங்க."

நேரமில்லாதது பாதி உண்மைகூட இல்லை. டயர் தொழிற்சாலையை மூடியதிலிருந்து டாரலுக்கு வேலை இல்லை. இரண்டு மாதம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு, அரசாங்கம் கொடுக்கும் உணவு உதவிக் கார்டுக்கு ரொவீனா மனுப் போட்டாள். கார்டும் வந்தது. ஆனால் அதை ஊர்க்கடை கவுன்ட்டரில், தெரிந்த முகங்களுக்கு நடுவே நீட்ட அவளுக்குக் கை வரவில்லை. அதனால்தான் போன், அதனால்தான் வேன்.

மேக்ஸீனோ, அந்தக் கார்டு வைத்திருப்பவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். "கை கால் நல்லா இருக்கு, உழைக்க வலிக்குதா? எல்லாம் நம்ம வரிப்பணம்!" என்று போன கிறிஸ்துமஸ் விருந்தில்கூட முழங்கினாள்.

"சரி, அடுத்த வாரத்து ஆர்டர் போடறப்ப எனக்கும் நாலு சாமான் சேர்த்துப் போடு. காசு அப்புறம் தர்றேன்."

ரொவீனா போனை எடுத்தாள். கார்டில் மனுஷர் சமைக்கிற, தின்கிற பொருள்தான் வாங்கலாம்; அதிலும் கடையில் சூடாகச் சமைத்து விற்பதும் மதுவும் கூடாது. வேறு எதையாவது கூடையில் போட்டால், அதற்கு வேறு கார்டு கொடு என்று கடை கேட்கும். அவளிடம் இருந்த வங்கிக் கார்டில் காற்றுதான் இருந்தது.

"துணி துவைக்கிற சோப்புத்தூள் ஒண்ணு."

"அது வேணாமே அண்ணி. பாலோட சேர்த்து வெச்சு அனுப்பிடறாங்க. போன தடவை காப்பியெல்லாம் ஒரே சோப்பு வாசனை."

"அப்படியா? அப்ப டாய்லெட் பேப்பர்."

"அதுவா..." ரொவீனா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அதுக்காக எவ்வளவு மரத்தை வெட்டறாங்க தெரியுமா? நினைச்சாலே பாவமா இருக்கு."

"அதுக்காக? நாங்க பனியிலயா தேய்ச்சுக்கறது?"

ரொவீனா இருமினாள். மேக்ஸீன் விடவில்லை.

"சரி, சூடா ஒரு முழுக்கோழி விக்கிறாங்களே, நெருப்புல வாட்டினது. அது ஒண்ணு."

"வந்து சேர்றதுக்குள்ள ஆறிப்போயிடும் அண்ணி."

"ஆறினா அடுப்புல வெச்சுக்கறேன்."

"இல்ல... அந்தக் கடைக் கோழியில எலும்பு ஜாஸ்தி."

"எல்லாக் கோழியிலயும் ஒரே எலும்புதானேடி?"

"இதுல கொஞ்சம் கூட இருக்கு."

மேக்ஸீன் சிரிக்கவில்லை. அவளையே உற்றுப் பார்த்தாள். "என் பூனைக்கு டின் மீன் போடு. பூனைக்குன்னே தனியா வருமே, அது."

"ஐயையோ, அதெல்லாம் கொடுக்கவே கூடாதாம். டாக்டர் சொன்னார்."

"எந்த டாக்டர்?"

"டாரலோட பல் டாக்டர்."

வாயைவிட்டு வந்த பிறகுதான் ரொவீனாவுக்கே அது உறைத்தது. முகம் சிவந்துவிட்டது.

"என் புருஷன் ஹாங்க்குக்கு பீர்?"

"ஐயோ, சாமி பேரச் சொல்ற குடும்பம் நாம! அந்த வேன்காரர் நம்ம தேவாலயத்துக்காரர் அண்ணி." அப்படி ஒன்றும் இல்லை. வேன் ஓட்டுபவரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

மேக்ஸீன் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி விடு. முட்டை, ரொட்டி, உருளைக்கிழங்கு. இதாவது வருமா?"

"ஓ, தாராளமா!" ரொவீனாவின் விரல் பறந்தது. தன் வீட்டு முட்டையைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, இந்த விசாரணை முடிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. "வெண்ணெயும் போடட்டுமா அண்ணி? ஆப்பிள்?"

"முட்டை உடையாம வருது, சோப்பு மட்டும்தான் வராது. அப்படித்தானே?"

ரொவீனாவின் விரல் அந்தரத்தில் நின்றது.

மேக்ஸீன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டாள். போச்சு, மானம் கப்பலேறப் போகிறது என்று ரொவீனா கண்ணை மூடிக்கொண்டாள். விருந்தில் கேட்ட அந்தக் குரல் இப்போதே காதுக்குள் முழங்க ஆரம்பித்துவிட்டது.

மேசைமேல் எதுவோ டப்பென்று விழுந்தது. கண்ணைத் திறந்தாள். அச்சு அசலாக அவளுடையதைப் போலவே ஒரு கார்டு.

"ஹாங்க்கோட பட்டறையை மூடி மூணு வாரமாச்சு. நேத்து பக்கத்து ஊர்க் கடையில இந்தக் கார்டு எதையெல்லாம் வேணாம்னு தள்ளிச்சோ, அதையேதான் உன்கிட்ட வரிசையா கேட்டேன். நீயும் ஒண்ணைக்கூட விடாம தள்ளினே. இப்ப இதைப் போன்ல எப்படி ஏத்தறதுன்னு சொல்லிக்கொடு. அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த வேன் என் வாசல்லயும் வந்து நிக்கணும், மேக்ஸீனுக்கு வந்த வாழ்வைப் பாருன்னு ஊரே வயிறெரியணும்!"