இன்கா தூங்கிய வண்டி

"இந்த வண்டியிலயும் அழறாளே! இவளுக்கு எதுதான் பிடிக்கும்?"

பூமியின் வடகோடியை ஒட்டிய ஊலு நகரில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பழைய கார்கள் விற்கும் செப்போவின் கடை வாசலில் நின்று தூலியா புலம்பினாள். பின்சீட்டில் எட்டு மாதக் குழந்தை இன்கா வீறிட்டாள். வீட்டில் சமர்த்தாகத் தூங்குபவள், காரில் உட்கார வைத்தால் மட்டும் ஊரைக் கூட்டிவிடுவாள். ஏன் என்று தூலியாவின் கணவன் யார்கோவுக்கும் பிடிபடவில்லை.

அடுத்த வாரம் அவன் வடக்கே சுரங்க வேலைக்குப் போகிறான். பிறகு தூலியாதான் தனியாகக் குழந்தையோடு ஓட்ட வேண்டும்.

"ஐஸ் ரோட்டுல இவ அலறல் கேட்டு ஒரு தடவை திரும்பினா போதும், ரெண்டு பேரும் பள்ளத்துலதான்."

"அதுக்குத்தானே பெரிய வண்டி பாக்கறோம்? நம்ம சின்ன காரு குலுக்கற குலுக்கல்ல எந்தக் குழந்தை தூங்கும்? இதுல நாலு சக்கரமும் இழுக்கும். ஒண்ணு வழுக்கினா, மத்த மூணும் தரையைப் பிடிச்சு..."

"இதை அவகிட்ட சொல்லு. வாயை மூடறாளா பாப்போம்."

செப்போ இன்னொரு வண்டியைக் காட்டினார். "இதுல ஏறுங்கம்மா. அஞ்சே நிமிஷத்துல பின்சீட்டு நீராவிக் குளியல் போடற சானா அறை மாதிரி கதகதன்னு ஆயிடும்."

அதில் இன்கா இன்னும் உரக்க அழுதாள்.

கடைசியாக, மூலையில் நின்ற சாம்பல் நிற வண்டி. இரண்டு தெரு தாண்டுவதற்குள் பின்னால் சத்தமே இல்லை. இன்கா தூங்கிவிட்டாள்!

"பாத்தியா?" யார்கோ கிசுகிசுத்தான். "கனமான வண்டி, மெத்துன்னு ஸ்பிரிங். மேடு பள்ளத்தை எல்லாம் அதுவே முழுங்கிடும். தொட்டில்தான் இது!"

உடனே கையெழுத்துப் போட்டார்கள். மாற்றாகக் கொடுத்த சின்ன காரை, வாசலில் காத்திருந்த ஒருவர் அப்போதே வாங்கி ஓட்டிக்கொண்டு போனார்.

செப்போ தொண்டையைக் கனைத்தார். "தம்பி, மறைக்க மனசு வரல. முன்னாடி ஹீட்டர் நல்லா இருக்கு. பின்சீட்டுக்குத்தான் சூடு வராது. திங்கட்கிழமை வாங்க, சும்மாவே சரி பண்ணித் தரேன்."

"ஐயோ, குழந்தை விறைச்சிருக்குமே!" யார்கோ பதறிக் கதவைத் திறந்து, குழந்தையின் கழுத்தைத் தொட்டான். இதமான சூடு. இன்கா அசையவே இல்லை.

தூலியா அவனையே பார்த்தாள். "தினம் மத்தியானம் இவளை எங்க தூங்க வைக்கிறோம்?"

"பால்கனில, தள்ளுவண்டில. ஊர்ல எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தானே..."

"பனிக்காத்துல தூங்கிப் பழகினவளைக் கம்பளில சுருட்டி, சூட்டையும் ஏத்தினா அழாம என்ன பண்ணுவா?"

இன்கா தூங்க ஹீட்டரைக் குறைத்தாலே போதும். அதைக் குறைக்கும் குமிழ், சற்று முன் தெருமுனை திரும்பிப் போன அந்தச் சின்ன காரிலும் இருந்தது.