இடம் மாறிய விளக்குகள்

ஒரு பூஜை அலமாரியில் ஒரே அச்சில் வார்த்த இரண்டு பித்தளை விளக்குகள் இருந்தன. ஒன்று உயரமான குத்துவிளக்கின் பக்கத்தில் நின்றது. மற்றது குட்டிக் குட்டி அகல்களுக்கு நடுவில் நின்றது. பார்க்கிறவர்களெல்லாம் அகல்களுக்கு நடுவில் இருந்ததைப் பெரிசு என்றார்கள், மற்றதைச் சின்னது என்றார்கள். விளக்குகளும் அதை நம்பிவிட்டன.

அந்த வீட்டுப் பெண் அமுதவல்லி புது வீட்டுக்குக் குடிபோக இருந்தாள். "அம்மா, நாளைக்கு அந்தப் பெரிய விளக்கை எடுத்துக்கிறேன்" என்றாள்.

"கேட்டியாடி குட்டி? நான்தான் போறேன்" என்றது பெரியது.

"போயிட்டு வாக்கா. எனக்கும் ஆசைதான். இந்த உயரத்துக்கு என்னை யார் கூப்பிடுவா?" என்றது சின்னது.

அன்று சாயங்காலம் அம்மா இரண்டையும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். திரும்ப வைக்கும்போது இடம் மாற்றி வைத்துவிட்டாள்.

காலையில் அமுதவல்லி வந்தாள். அகல்களுக்கு நடுவில் இருந்ததை எடுத்து, "இதுதாம்மா பெரிசு" என்று பைக்குள் வைத்தாள்.

"அக்கா, ஆள் மாறிப்போச்சே" என்று பதறியது பைக்குள் போன சின்னது.

"ஒரே ராத்திரியில எப்படிடி வளர்ந்தே?" என்றது குத்துவிளக்கின் பக்கத்துக்கு வந்துவிட்ட பெரியது. பிறகு, "சரி, போய் நல்லா எரி" என்றது.

புது வீட்டு அலமாரியில் வேறு ஒன்றுமே இல்லை. அமுதவல்லி எண்ணெய் ஊற்றி, திரி போட்டு ஏற்றிக் கும்பிட்டாள். தான் பெரிசா சின்னதா என்று விளக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அறை முழுக்க வெளிச்சம்தான் இருந்தது.