சத்தம் போடும் ஹப்

மலைச்சரிவில் சைக்கிளோடு உருண்ட அண்ணனுக்கு மூன்று மாதத்தில் காது மறுபடி கேட்கும் என்றார் மருத்துவர். கெடு நேற்றோடு முடிந்துவிட்டது. "எல்லாம் கேக்குது, போடி" என்று அவன் சாதிக்கிறான். இப்போது உடைந்த பின்சக்கரத்துக்குப் புது ஹப் தேடிக் கடையில் நிற்கிறான். தங்கையும் கூட நிற்கிறாள். கடைக்காரர் ஒரு சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுழற்றுகிறார். "விலை கம்மி, நல்லா உழைக்கும். எவ்வளவு உயரத்துலருந்து குதிச்சாலும் தாங்கும். என்ன, மிதிக்காம உருட்டினா ஊரையே எழுப்பிடும்." நடுவிலிருக்கும் ஹப் கறகறவென்று கத்துகிறது, மேசைக்கடியில் தூங்கிய பூனை எழுந்து ஓடுகிறது. அண்ணனின் கண் கம்பிகளில் சுற்றும் வெயிலிலேயே இருக்கிறது. "இதையே போடுங்க. சத்தமே இல்ல பாருங்க." கடைக்காரர் திகைத்து அவளைப் பார்க்கிறார். அவள் அண்ணனுக்கு நேராகத் திரும்பி, உதட்டசைவு அவனுக்குப் புரியும்படி மெதுவாகச் சொல்கிறாள்: "ஆமாண்ணா, சத்தமே இல்ல."